பதினான்கு அடி தெற்கே

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கர்த்தர் அறிய, சொல்கிறவனின் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் அறிய, ஒரு இம்மி கூட்டவில்லை, குறைக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் நீதிமன்றக் கட்டடத்துக் கூடத்தில், குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் மாவட்ட வரைபடத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காசு கேட்கமாட்டார்கள்.

லாரல் மேட்டில் ஒடெல்லா பிரூயிட்டின் வீடு இரண்டு மாநிலங்களில் இருந்தது. முன்னறையும் படுக்கையறையும் டென்னசி. சமையலறை கென்டக்கி. வீட்டுக்கு வெளியே, இரண்டும் சேர்கிற இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக்கல் நின்றது. அந்தக் கல்லிலிருந்து நூல் பிடித்து, அவள் கணவன் ஹார்லிஸ், சாலை போட்டவர்களிடம் மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்டால் சமையலறை வாசலை ஒட்டி லினோலியத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தான். விருந்தாளி யார் வந்தாலும் அவனை அந்தக் கோட்டின் மேல் நிற்கவைத்து, "இப்ப உன் இடது காலுக்கு ஒரு கவர்னர், வலது காலுக்கு ஒரு கவர்னர்" என்று சொல்லாமல் சாப்பாடு போடமாட்டான்.

ஹார்லிஸ் இருபத்தாறு வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூரைக்கு முட்டுக்கட்டை நிறுத்தியவன். சுரங்கம் மூடிவிட்டது, அவன் நெஞ்சு இன்னும் முழுதாக மூடவில்லை. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் பெட்டி. அது பகலெல்லாம் ஸ்ஸ் என்று மூச்சு விடும். கரித்தூசி தின்ற நுரையீரலுக்கு இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது. அதுவரை அந்தப் பெட்டியை மூச்சு விடவைத்துக்கொண்டிருந்தது ஒடெல்லாவின் வேலையோடு வந்த இன்சூரன்ஸ்தான்.

லெக்சிங்டன் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்காக, மருத்துவமனை பில்லைப் பார்த்துக் கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே பதில் சொன்னாள். காதில் ஒரு மாட்டி, எதிரே கம்ப்யூட்டர். சேர்ந்தது ஆகஸ்ட் மாதம். படுக்கையறை ஜன்னலோரம் மேசை போட்டு, "எல்லா வேலையும் டென்னசியில் உள்ள என் வீட்டிலேயே செய்கிறேன், இது பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டாள். டென்னசி சம்பளத்தில் கை வைக்காது. கென்டக்கி, தன் மண்ணில் கால் வைத்துச் செய்த வேலைக்கு வரி கேட்கும். அவள் கால் டென்னசியில் இருந்தது. எல்லாம் சரி.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்ததும் மேசை, அடுப்பைத் தேடிச் சமையலறைக்குப் போனது. பூனையும் போனது. பூனையிடம் யாரும் கையெழுத்து கேட்டிருக்கவில்லை. படுக்கையறைத் தண்ணீர்க் குவளையில் பனிக்கட்டி பிடிக்கிற வீட்டில், மேசையை அடுப்போரம் இழுத்துப்போடுவதை வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போவதாக யார் நினைப்பார்கள்? ஏப்ரலில் மறுபடி ஜன்னலோரம். இப்படி மூன்று குளிர்காலம் போய் நான்காவது நடந்துகொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மரியாதையாக எழுதியிருந்தது. அதனாலேயே அவள் அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஹார்லிஸ், வியாழக்கிழமை பத்து மணிக்கு வராங்களாம்."

"யாரு, உன் தங்கச்சியா? அப்ப நான் புதன்கிழமையே போய்ச் சேந்துர்றேன்."

"வரி ஆபீஸ். கென்டக்கிக்காரங்க. நான் உக்காந்து வேலை செய்யற இடத்தைப் பாக்கணுமாம்."

ஹார்லிஸ் மூக்குக் குழாயை எடுத்துப் பார்த்து, ஊதிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டான். பயம் வந்தால் அவன் செய்கிற வேலை அது.

"பாத்துட்டுப் போகட்டும். இடம் பாக்க லட்சணமாத்தானே இருக்கு."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லாம் டென்னசியிலதான்னு."

"ஆகஸ்ட்டுல அது நெசந்தானே."

"இப்ப ஜனவரி."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?"

ஒடெல்லா குளிர்பெட்டிக்கு மேலே கையைக் காட்டினாள். போன வருடம் ஹார்லிஸ் தீவனக் கடையில் நின்று, "எம்பொண்டாட்டி தினம் காலையில செருப்போட வேற மாநிலத்துக்கு வேலைக்குப் போறா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் அளந்ததைக் கேட்டு, மாவட்டப் பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து படம் பிடித்துப் போட்டிருந்தான். மேசை, ஒடெல்லா, பின்னால் அடுப்பு, முன்னால் வெள்ளைக் கோடு. ஹார்லிஸ் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தான்.

"நீ வாயை வாடகைக்கு விட்டிருந்தாலாவது ஏதாவது வந்திருக்கும்" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கிப்போயிற்று. "பொய் எழுதிக் கொடுத்தேன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா நிறுத்திருவாங்க, ஹார்லிஸ். வேலை போனா இன்சூரன்ஸ் போயிரும். இன்சூரன்ஸ் போனா..."

ஸ்ஸ் என்றது பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து ஹார்லிஸின் தம்பிகள் ஆர்பினும் லோவலும் சாப்பிட வந்தார்கள். பன்றிக் கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸ், இரும்புச் சட்டியில் சுட்ட சோள ரொட்டி, நறுக்கிய வெங்காயம். எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒடெல்லா தட்டிலிருந்த ரொட்டியை உதிர்த்து உதிர்த்து ஒரு சின்ன மேடு கட்டினாள்.

"மேசையைத் தூக்கிப் படுக்கையறையில போட்டுருங்க அண்ணி. அவ்வளவுதானே" என்றான் ஆர்பின்.

"இங்க பாரு" என்று அவள் அடுப்போரம் லினோலியத்தைக் காட்டினாள். நாற்காலிச் சக்கரங்கள் நாலு குளிர்காலமாக அரைத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூவெல்லாம் தேய்ந்து கறுத்திருந்தது. "குருடனுக்குக்கூடத் தெரியும்."

"அப்ப கல்லை நகர்த்திரலாம்" என்றான் லோவல். "ராத்திரியோட ராத்திரியா ஒரு பதினாலு அடி வடக்க நட்டுட்டா, சமையலறை மொத்தமும் டென்னசி."

ஒடெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லைக்கல்லை நகர்த்தறவன் சபிக்கப்பட்டவன்னு வேதத்துல இருக்கு. காலையில அதுக்கு ஆமென் சொல்லிட்டு வந்து இங்க உக்காந்து பீன்ஸ் தின்னுக்கிட்டு இந்தப் பேச்சா?"

லோவல் சோள ரொட்டியைப் பார்த்தான், அது அவனுக்காக ஏதாவது சொல்லும் என்பதுபோல.

ஹார்லிஸ்தான் குழாயை எடுத்து ஊதிவிட்டுச் சொன்னான்: "கல்லை நகர்த்தக்கூடாதுன்னுதான் இருக்கு. வீட்டை நகர்த்தக்கூடாதுன்னு எங்கயும் எழுதலையே."

அவன் சிரிப்பான் என்று ஒடெல்லா பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. தம்பிகள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஜன்னல் வழியாகத் தெற்குப் பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்வையால் அளந்துகொண்டிருந்தார்கள்.

மலையையே முட்டுக் கொடுத்துத் தலைக்கு மேல் நிறுத்தி வைத்தவர்களுக்கு ஒரு பலகை வீடு பெரிய காரியமில்லை. திங்கட்கிழமை சுரங்கக் கூரையைத் தூக்கி நிறுத்துகிற திருகு ஜாக்கிகள் பன்னிரண்டு வந்து இறங்கின. வீட்டைத் தாங்கியிருந்த கல் தூண்களுக்கு நடுவே ஜாக்கிகளை வைத்து, ஹார்லிஸ் முற்றத்தில் நாற்காலி போட்டு, மடியில் சின்ன ஆக்சிஜன் உருளையோடு உட்கார்ந்து எண்ணினான். அவன் "ஒண்ணு" என்றால் தம்பிகள் ஓடி ஓடி எல்லா ஜாக்கிக்கும் ஒரு திருகு. ஒரு திருகுக்குக் காலங்குலம். சாயங்காலம் வீடு ஒரு முழம் மேலே நின்றது. அடியில் வேலாமரக் கட்டைகளைத் தண்டவாளம் மாதிரி பரப்பி, அதன் மேல் பன்றிக் கொழுப்பை வாளி வாளியாகத் தடவினார்கள். பூமி இரும்பாக உறைந்திருந்தது. ஈரமாக இருந்திருந்தால் கட்டை புதைந்திருக்கும். அந்த மேட்டில் குளிரால் கிடைத்த ஒரே நன்மை அதுதான். மின்கம்பியையும் டெலிபோன் கம்பியையும் நீளம் சேர்த்துத் தொங்கவிட்டார்கள்.

ஒடெல்லா லீவு கேட்கவில்லை. லீவு கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு, வீட்டைத் தெற்கே இழுக்கக் கொண்டுவந்த, மரம் ஏற்றுகிற லாரியின் வின்ச் உருளை சுழன்று கயிறு இறுகியபோது, அவள் சமையலறையில் காதில் மாட்டியோடு லூயிவில் நகரத்துப் பெரியவர் ஒருவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டை விரல் எக்ஸ்ரேவுக்கு இவ்வளவா? என்கிட்ட மொத்தமே ரெண்டு கட்டை விரல்தான் இருக்கு."

"புரியுது சார். கொஞ்சம் இருங்க, பாக்கறேன்."

வீடு ஒருமுறை முனகிவிட்டு நகர்ந்தது. அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்து விசாரித்துக்கொண்டன. அடுப்புக் குழாய் புகைபோக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம் நிதானமாக வடக்கே நடந்துபோனது. பூனை பிரெட் பெட்டிக்குள் ஏறி மூடியைத் தானே மூடிக்கொண்டது.

"அங்க என்ன சத்தம்?" என்றார் பெரியவர்.

"கட்டடத்துல கொஞ்சம் வேலை நடக்குது சார்."

அந்த ஃபோனை அவள் கென்டக்கியில் எடுத்து டென்னசியில் வைத்தாள்.

புதன்கிழமை முழுவதும் மட்டம் பார்த்து இறக்கினார்கள். வீடு கிழங்குப் பாத்தியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஹார்லிஸும் தம்பிகளும் தூர நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அப்போதுதான் மூன்று பேர் கண்ணிலும் பட்டது: செங்கல் புகைபோக்கி, இருபதடி உயரம், பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அது தரையிலிருந்து கட்டி எழுப்பியது. வீட்டோடு வராது.

"அதைப் பத்தி யாரும் நெனைக்கல" என்றான் ஆர்பின்.

"நான் நெனைச்சேன்" என்றான் லோவல். "நீங்க கேக்கல."

அடுப்பைப் பற்றவைக்க முடியாது. ஒடெல்லா கோட்டு, தொப்பி, விரல் நுனி வெட்டிய கையுறையோடு உட்கார்ந்து அன்றைய வேலையை முடித்தாள். ஒவ்வொரு பதிலும் அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைந்து வந்தது. கையெழுத்து ஒரு தப்பு; தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். இது அப்படியல்ல. இது நாலு சுவரும் தகரக் கூரையும் வைத்துக் கட்டிய பொய். அதற்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஹார்லிஸ், திருப்பி வெச்சிரலாம்."

"நாளைக்குப் பத்து மணி தாண்டட்டும்."

"எனக்கு ஜெயில்னா உனக்கு யாரு பெட்டியோட வடிகட்டியைக் கழுவிக் குடுப்பா?"

அவன் அதற்கு ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கல்யாணம் ஆன முப்பத்தொரு வருடத்தில் அவன் வாய் திறந்து ஒன்றும் வராமல் மூடியது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை ஒடெல்லாவுக்கு வார ஓய்வு நாள்; பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார்ச் சக்கரத்தடியில் சரளைக் கற்கள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இறங்கியவர் காது மறைக்கும் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒல்லி மனிதர். பேர் நேப்பியர் என்றார். கையில் ஒரு கோப்பு. உடனே உள்ளே வரவில்லை. கொழுப்புப் பூசிய கட்டைகளைப் பார்த்தார். வரிசையாக வெறுங்கல் தூண்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

"புகைபோக்கி தனியா நிக்குதே."

"அது எப்பவுமே யாரோடயும் ஒட்டாது சார்" என்றான் ஹார்லிஸ்.

நேப்பியர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒடெல்லா, முந்தின நாள் ரொட்டியும் ஆப்பிள் ஜாமும் வைத்தாள். காபி இல்லை என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் காபி இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. நேப்பியர் கையுறையைக் கழற்றாமலேயே ரொட்டியை எடுத்துக்கொண்டார். குனிந்து தரையைப் பார்த்தார்.

"இது என்ன கோடு?"

வீட்டை நகர்த்தினால் வீட்டுக்குள் போட்ட கோடும் கூடவே வரும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அலங்காரம்" என்றான் லோவல்.

நேப்பியர் கோப்பைத் திறந்து ஒரு பத்திரிகைத் துண்டை மேசை மேல் வைத்தார். மேசை, ஒடெல்லா, அடுப்பு, கோடு. பிறகு தலையைத் தூக்கிக் குளிர்பெட்டிக்கு மேல் சட்டத்துக்குள் இருந்த அதே படத்தைப் பார்த்தார்.

"அது படம் பிடிக்கறதுக்காக ஒருநாள் போட்டது சார்" என்றான் ஹார்லிஸ். "ஒரே ஒரு நாள்."

"அப்படியா, மிசஸ் பிரூயிட்?"

ஸ்ஸ், ஸ்ஸ் என்றது பெட்டி. ஒடெல்லா அதன் பச்சை விளக்கைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே அவள் கண்ணில் அந்தத் தேய்ந்த வட்டமும் பட்டது. ஒரே நாளில் அப்படித் தேய்க்க யானையை உட்காரவைத்துச் சுற்றியிருக்க வேண்டும்.

எழுந்துபோய், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கிய ஐந்து தீவனக் கடைக் காலண்டர்களையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். தக்காளி நடவும், பன்றி அறுக்கவும், மழை பார்க்கவும் அந்த மேட்டில் எல்லாரும் எழுதிவைக்கிறமாதிரி அவளும் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தாள்.

"அக்டோபர் பத்தொம்போது, முதல் உறைபனி, தீ போட்டது, மேசை அடுப்போரம். பாருங்க. ஏப்ரல் பதினொண்ணு, தீ அணைஞ்சது, மேசை ஜன்னலோரம். தீ எரிஞ்ச நாளெல்லாம் நான் கென்டக்கியில சார். அது வேற ஊருன்னு எனக்குத் தோணவேயில்ல. வீடு இங்க இல்ல, அங்க இருந்துச்சு. நாங்கதான் தள்ளினோம். எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க, இவரோட பெட்டியை மட்டும் நிறுத்தவெச்சிராதீங்க."

ஆர்பின் கூரையைப் பார்த்தான். ஹார்லிஸ் குழாயை எடுத்தான். ஊத மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

நேப்பியர் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு நாட்களை எண்ணினார். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு மே மாதத்தில் பென்சில் நின்றது.

"பிளாக்பெரிப் பூ, குளிர்னு மூணு நாளுக்கு எழுதியிருக்கீங்க. மேசையைப் பத்தி ஒண்ணும் இல்ல. எங்கம்மா, பிளாக்பெரி பூக்கையில திரும்பி வர்ற அந்தப் பூக்குளிருக்கு எங்க எல்லாருக்கும் மறுபடி கம்பளி உள்ளாடை போட்டுவிடுவா." முதல்முறையாக அவர் பேச்சில் மலை ஊர்க்காரச் சாயல் கேட்டது. "அப்ப மேசை எங்க இருந்துச்சு?"

எழுதவில்லை. யாருக்கும் தெரியாது.

"அடுப்போரம் கொண்டுவந்தேன் சார். மூணு நாளும். எழுத விட்டுப்போச்சு."

அவர் மூன்று கோடு கிழித்துச் சேர்த்துக்கொண்டார். "பதினெட்டு வருஷமா வீடு வீடாப் போறேன். பூக்குளிரை இதுவரைக்கும் ஒருத்தரும் கணக்குல சேத்ததில்ல."

பிறகு சொன்னார்: "தீ எரிஞ்ச நாளுக்கு எங்களுக்கு வரி. ஜன்னலோரம் உக்காந்த நாளுக்கு இல்ல. தாமதத்துக்கு வட்டி உண்டு, தவணையாக் கட்டலாம். அந்தக் கையெழுத்து ஆகஸ்ட்டுல நெசம், அக்டோபர்ல தப்பு. தப்புத் தாளுக்கு ஜெயில் கிடையாது, புதுத் தாள்தான். கம்பெனிக்கு நான் எழுதமாட்டேன், நீங்களே சொல்லணும். இப்பவே சொல்லிருங்க."

அவர் முன்னாலேயே ஒடெல்லா கம்பெனியைக் கூப்பிட்டாள். காத்திருக்கும்போது போடுகிற இசை, இரண்டு முறை முழுதாகப் பாடி முடித்தது. அவள் மேற்பார்வைக்காரி டார்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓஹியோவிலேர்ந்து வேலை செய்யற ஆறு பேருக்கு ஏற்கெனவே தாளை மாத்திக் குடுத்திருக்கேன், நீ ஏழாவது. புதுத் தாள் அனுப்பறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றாள். "வேலை?" என்று ஒடெல்லா கேட்டாள். "நாளைக்கு எட்டு மணிக்கு. ஏன் உனக்குப் பல்லு இப்படி அடிக்குது?"

ஒடெல்லா காது மாட்டியைக் கழற்றிவைத்தாள். பிறகு, "சார், ஒரு விஷயம்" என்றாள். "செவ்வாய் மத்தியானத்துலேர்ந்து புதன் சாயங்காலம் வரைக்கும் நான் டென்னசியிலதான் வேலை செஞ்சேன். அதை நீங்க கழிக்கணும்."

நேப்பியர் ஜன்னல் வழியாகப் புகைபோக்கியைப் பார்த்தார். எழுதியதில் ஒன்றரை நாளை அடித்தார். "நியாயந்தான்" என்றார்.

அப்புறம் அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தான் எந்த ஜாக்கியைத் திருகட்டும் என்று கேட்டார். ஹார்லிஸ் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினான். போகும்போது மூன்று நாள் பிடித்த வீடு வரும்போது நாலு மணிக்குள் வந்துவிட்டது. அதற்கே அடுப்பின் நினைப்பு வந்திருக்க வேண்டும். குழாய் புகைபோக்கிக்குள் தானாகப் போய் மாட்டிக்கொண்டது. ஒடெல்லா தீ போட்டாள். காலண்டரில் எழுதினாள்: தீ. மேசை அடுப்போரம். நேப்பியர் கென்டக்கியில் இரண்டு கோப்பை காபி குடித்தார். போவதற்கு முன் ஹார்லிஸ் கேட்டுக்கொண்டதற்காக ஒரு நிமிடம் கோட்டின் மேல் நின்றார். ஹார்லிஸ் அவர் கால்களைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொன்னான். ஒடெல்லா அன்றைக்குத்தான் அந்தப் பேச்சுக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

நீதிமன்றக் கூடத்து வரைபடத்தில், எங்கள் மாவட்டத்தின் மாநில எல்லை பதினோரு மைலும் ஆற்றின் நடுவே ஓடுகிறது. அதன் மேல் வீடு எதுவும் கிடையாது.